மூன்றாவது சிலிண்டர்

சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போகும்போது மிலிட்டரி அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது என்று எங்கள் கடைக்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மாலை வாங்கும்போதே யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து, "மிலிட்டரிக்குச் சொல்லிட்டியளா?" என்று கேட்பார். சொல்லவில்லை என்றால்தான் எல்லாருக்கும் நிம்மதி. ஆனாலும் அவர் எப்படியோ தெரிந்துகொண்டு வந்துவிடுவார். வெள்ளை வேட்டி, தேய்த்த சட்டை, நகக்கண்ணில் மட்டும் போகாத கிரீஸ். செத்தவரின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். பிறகு மூத்த மகனைப் பார்த்து ஆரம்பிப்பார்.

"என்னமா இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல மாமா. நல்லாத்தான் இருந்தாவ. படுத்தவிய எந்திரிக்கல. தானா அடங்கிட்டு."

"தானால்லாம் அடங்காது. நேத்து என்ன சாப்பிட்டாவ? சுகர் மாத்திரையை யார் எடுத்துக் கொடுத்தா?"

மகன் பெண்டாட்டியைப் பார்ப்பான். அவள் நாத்தனாரைப் பார்ப்பாள். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று கவனிப்பார்கள். ஒரு வீட்டில் அப்படித் தொடங்கிய பேச்சில் அண்ணனும் தம்பியும் இன்றுவரை முகம் பார்ப்பதில்லை. வெளியே வந்ததும் நான் சத்தம் போட்டேன். "உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி அந்த வேலை? மாலையைப் போட்டமா, வந்தமான்னு இருக்க வேண்டியதுதானே?"

"ஏலே, காரணம் இல்லாம ஒண்ணும் நிக்காதுல. தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதான?"

"யாருக்கு நல்லது?"

அந்தக் கேள்வியே அவருக்குப் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில், ஒரு மில் காம்பவுண்டு முடிகிற இடத்தில் அவருடைய ஷெட். நேர் எதிரே என்னுடைய கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. ராணுவத்தில் வண்டி ரிப்பேர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். அதனால் ஊருக்கு அவர் மிலிட்டரி, எனக்கு அண்ணாச்சி. அவர் பெயரை எழுத எனக்கு மனசில்லை. எழுதினால் அவரே எழுந்து வந்து, 'இதை இப்ப எழுதணும்னு ஏன்ல தோணுச்சு?' என்று கேட்பார்.

ஒரு மெக்கானிக் இருந்தால் எதிரே இருக்கிற கடைக்காரன் பிழைக்க வேண்டும். அதுதான் உலக வழக்கம். இவரால் எனக்கு வயிற்றெரிச்சல்தான் மிச்சம். வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது என்று வரும். அதாவது நாலு சிலிண்டரில் ஏதோ ஒன்று சரியாக வெடிக்காமல் எஞ்சின் உதறும், இழுவை இருக்காது. மற்ற மெக்கானிக்குகள் பிளக், பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற காயில், ஃபில்டர் என்று எல்லாவற்றையும் செட்டாக வாங்கி மாட்டி அனுப்பிவிடுவார்கள். ஏதோ ஒன்றில் சரியாகிவிடும். எதில் என்று யாருக்கு வேண்டும்? இவர் ஒரே ஒரு பிளக் வாங்கிக்கொண்டு போவார். கொஞ்ச நேரத்தில் அதையே துடைத்துக் கொண்டுவந்து என் கவுண்டரில் வைப்பார். "இது இல்ல. எடுத்து வை."

"மாட்டின பிளக்கைத் திரும்ப எடுக்க நான் என்ன அடகுக்கடையா வச்சிருக்கேன்? எல்லாத்தையும் மாத்திவிடுங்க அண்ணாச்சி, சரியாயிரும்."

"சரியாயிரும். காரணம் உள்ளயே இருக்கும். நாளைக்கு வேற எடத்துல வந்து நிக்கும். காரணம் தெரியாம ஓடுத வண்டிக்கு ஓடாத வண்டி தேவலை."

ஸ்கேனர் கருவியும் வைத்திருந்தார். அதைச் செருகினால் எந்தச் சிலிண்டர் என்று காட்டும். ஆனால் அதோடு அவருக்குத் தீராது. எஞ்சினை ஓடவிட்டு, காயில்களின் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். நன்றாக வேலை செய்கிற சிலிண்டரில் பிடுங்கினால் எஞ்சின் இன்னும் மோசமாக உதறும். எதில் பிடுங்கும்போது சத்தம் மாறவில்லையோ, கோளாறு அங்கேதான். "எவன் போயும் வீட்ல ஒரு மாத்தமும் தெரியலையோ, அவன் முன்னாடியே செத்துட்டாம்னு அர்த்தம்" என்பார். பிறகு அந்தக் காயிலைக் கழற்றி அடுத்த சிலிண்டரில் மாட்டிப் பார்ப்பார். "நோவு ஆளோட போகுதா, வீட்டோட இருக்கான்னு பாக்கணும்லா." வண்டிக்காரர் எதிரே டீக்கடையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்வார். அண்ணாச்சி ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். ஒன்றை மாற்றினால் ஓட்டிப் பார்க்காமல் அடுத்ததைத் தொடமாட்டார்.

கண்டுபிடித்துவிட்டால் அதைச் சொல்வதில்தான் வினை. சேத்தூரிலிருந்து ஒரு விவசாயி தேங்காய் ஏற்றுகிற சின்ன லோடு வண்டியைக் கொண்டுவந்தார். கூட அவருடைய வளர்ந்த மகனும் வந்திருந்தான். அவன்தான் வண்டி ஓட்டுகிறவன். அண்ணாச்சி பார்த்துப் பார்த்து, டீசலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். டீசலைப் பாதி விற்றுவிட்டு மண்ணெண்ணெயை ஊற்றியிருந்தான் பையன். அதை அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அப்பனிடம் ஜாடையாகச் சொல்லியிருக்கலாம். இவர் டீக்கடைக் கூட்டம் முழுக்கக் கேட்கும்படி, "டேங்குல மண்ணெண்ணெய். ஊத்துனவன் உங்க பக்கத்துல நிக்கான்" என்றார். அப்பன் நடுரோட்டில் மகனை அறைந்தார். அன்றைக்குத் திருப்பூர் பஸ் ஏறினவன் ஊர்ப்பக்கம் வரவே இல்லை. அந்த அப்பன் அதற்குப் பிறகும் எங்கள் கடைத்தெரு வழியாகத்தான் போவார். அண்ணாச்சியின் ஷெட் இருக்கிற பக்கம் தலையைத் திருப்பமாட்டார்.

"நான் வண்டிக்குத்தான காரணம் சொன்னேன்" என்றார் அண்ணாச்சி. அவருக்கு உள்ளபடியே வருத்தம் இருந்தது. ஆனால் செய்தது தப்பு என்று தோன்றவில்லை. எனக்கு அவரைப் பிடிக்கும். அன்றைக்குப் பிடிக்கவில்லை.

அவரை அடக்க முடிந்த ஒரே ஆள் அவர் மனைவி, எனக்கு மதினி. மத்தியானம் தூக்குச்சட்டியோடு வந்து ஷெட் வாசலில் நிற்பாள். அவர் ஏதாவது எஞ்சினுக்குள் தலையை விட்டிருப்பார். "எஞ்சின் எங்கயும் ஓடிறாது. அதுக்கு ஓட முடியலைன்னுதான உங்ககிட்ட வந்திருக்கு. சோறு ஆறுது, வாங்க" என்பாள். நான் கடையில் இருந்தபடியே சிரிப்பேன். அவரும் சிரித்துக்கொண்டு கை கழுவ வருவார். ஒரே மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

அந்தச் சிவப்புக் கார் வந்தது ஒரு ஆயுத பூஜை முடிந்த வாரத்தில். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, மேல்கூரையை மடக்கித் திறக்கிற ஸ்போர்ட்ஸ் கார். பழசு. ஆனாலும் எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. உதறிக்கொண்டே வந்து ஷெட் வாசலில் நின்றது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். கதவைத் திறந்துகொண்டு இறங்கியது, காட்டன் சேலை கட்டிய, அறுபது தாண்டிய ஒரு அம்மா.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சயின்ஸ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கார் அவருடைய மகன் வாங்கியது. பெங்களூரில் வேலை பார்த்தவன், யாரோ விற்றதை வாங்கி ஊருக்கு ஓட்டிக்கொண்டு வந்து, அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செண்பகத்தோப்பு ரோட்டில் கூட்டிப் போயிருக்கிறான். பிறகு அம்மாவுக்கே ஓட்டக் கற்றுக் கொடுத்திருக்கிறான். அவன் இறந்துபோன பிறகு அவர் வெள்ளிக்கிழமை காலையில் தனியாக அந்தக் காரை எடுத்துக்கொண்டு மலையடிவாரம் வரை போய்விட்டுத் திரும்புவார். வேறு எதற்கும் எடுப்பதில்லை. இதெல்லாம் அவரே சொன்னதுதான். கடைசியில், "இந்தச் சத்தம் கெட்டுப்போச்சு சார். அவன் ஓட்டும்போது இப்படி இருக்காது. அந்தச் சத்தம் மட்டும் எனக்குத் திரும்ப வேணும்" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு பானட்டைத் திறந்திருப்பார்கள்.

"மகன் எப்படித் தவறுனாரு?" என்று கேட்டார் இவர்.

"காய்ச்சல் சார். லீவுக்கு வந்திருந்தான்."

"எத்தனாவது நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனிய?"

நான் கவுண்டரைத் தாண்டி வருவதற்குள் அந்த அம்மா பதில் சொல்லிவிட்டார். சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தது, அவன் சரியாகிவிட்டது என்று சொன்னது, பிறகு ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துபோனது, எல்லாம். பரீட்சையில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"லேட்டு" என்றார்.

ஒரே வார்த்தை. டீச்சர் சாவியைக் காரின் மேல் வைத்துவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு அவரை என்ன சொன்னேன் என்று எழுத முடியாது. "அவியளுக்குத் தெரியாததையா சொல்லிட்டேன்?" என்றார் அவர். அதுதானே கொடுமை என்று கத்தினேன். தினமும் அந்தம்மா தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற வார்த்தையை அடுத்தவன் வாயால் கேட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவர் காயிலைக் கழற்றத் தொடங்கிவிட்டார்.

கோளாறு மூன்றாவது சிலிண்டரில் இருந்தது. அந்த எஞ்சினில் பிளக்குகள் மேலாக இருக்காது. தலைப்பகுதியில் ஆழமான குழிகள் உண்டு. பிளக் குழியின் அடியில் இருக்கும், காயில் மேலிருந்து உள்ளே நீண்டு இறங்கி அதைப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது குழியில் பிளக் துருப்பிடித்து, காயிலின் ரப்பர் வெளுத்துப் போயிருந்தது. தீப்பொறி பிளக்குக்குப் போகாமல் பக்கத்தில் பாய்ந்துகொண்டிருந்தது. புதிதாக மாட்டினார், சரியாகிவிட்டது. ஆனால் அவருக்கு ஆறவில்லை. துரு என்றால் தண்ணீர். தண்ணீர் எங்கிருந்து? டீச்சர் காரை வீட்டு மரத்தடியில்தான் நிறுத்துகிறார் என்று தெரிந்ததும், மலைப்பக்கத்துச் சாரலும் மழையும் இறங்கியிருக்கும் என்று முடிவு கட்டினார். தகரக் கொட்டகை போடச் சொன்னார். அவரும் போட்டார்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த வாரம், கார் அதே மாதிரி உதறிக்கொண்டு வந்து நின்றது. அதே மூன்றாவது சிலிண்டர்.

அது அவருக்குப் பெரிய அடி. தான் சொன்ன காரணம் காரணமே இல்லை என்று ஆகிவிட்டதே. டீச்சரைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு, மற்ற வண்டிகளை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு அதிலேயே உட்கார்ந்தார். காயிலை இடம் மாற்றினார். பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர்களைப் பார்த்தார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை எஞ்சினில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டுக்குச் சாப்பிடப் போவதும் குறைந்தது.

அந்த நாட்களில் ஒரு காலை. மதினி கிளம்புகிற அவரிடம், நெஞ்சு கரிக்கிறது, இடது கை உளைகிறது என்று சொல்லியிருக்கிறாள். இவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "கேஸ்தான். நேத்து மொச்சைக் குழம்பு சாப்பிட்டேல்லா. சோடா வாங்கிக் குடி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் அவருக்குப் போன் அடித்துப் பார்த்துவிட்டு எனக்கு அடித்தார்கள். நான் ரோட்டைக் கடந்து ஓடினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடி, ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்திருந்தார். "அண்ணாச்சி" என்றேன். கண்ணைத் திறக்காமல் இன்னொரு கையைத் தூக்கி, இரு என்று காட்டினார். சாவியைத் திருப்பி எஞ்சினை நானே அணைத்தேன். "ஏம்ல?" என்று கோபமாகத் திரும்பினார். என் முகத்தைப் பார்த்ததும் ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது.

நாங்கள் போவதற்குள் முடிந்திருந்தது. அவர் வீட்டில் துட்டி. ஊரே வந்து உட்கார்ந்திருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. "நோவு நொடின்னு படுக்காம, பூ மாதிரி போயிட்டா" என்றார்கள். "விதி" என்றார்கள். "தானா வந்தது, நாம என்ன செய்ய முடியும்" என்றார்கள். அவர் அதே மாதிரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, "எப்ப விழுந்தா? அதுக்கு முன்னாடி என்ன சொன்னா?" என்று கேட்டார். அந்த அம்மா சொன்னார். "சோடா குடிச்சாளா?" என்றார். குடித்தாள் என்றார்கள். கோயம்புத்தூரிலிருந்து மகள் வந்து அவர் மடியில் விழுந்து அழுதாள். அவர் மகளின் தலையைத் தடவிக்கொண்டே, ரிப்பேர் பார்த்து முடித்தவர் வண்டிக்காரரிடம் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"காரணம் கெடச்சுட்டு தாயி. நான்தான்."

"அப்படிச் சொல்லாதீங்கப்பா" என்று கத்தினாள் மகள். நானும் சொன்னேன். எல்லாரும் சொன்னோம். யார் பேச்சை அவர் கேட்டிருக்கிறார்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஷெட்டைத் திறந்தார். சிவப்புக் கார் அப்படியே நின்றது. நான் டீ வாங்கிக்கொண்டு போனேன். மூன்றாவது குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கம்பியின் நுனியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டு, சுரண்டி எடுத்து என்னிடம் நீட்டினார். துருவோடு சேர்ந்து மஞ்சளாக ஏதோ கட்டிப்போயிருந்தது. மோந்து பார்த்தேன்.

சந்தனம்.

பானட்டுக்குக் கீழே எஞ்சினின் தலையில் சந்தனமும் குங்குமமுமாகப் பொட்டு வைத்திருந்தது. போன வருஷமும் இருந்தது. சாமி காரியம் என்று அதைத் துடைக்காமல் சுற்றித் துடைத்து அனுப்பியவர் இவரேதான். இப்போது விளங்கிவிட்டது. ஆயுத பூஜைக்கு நாம் எல்லாரும் வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கிறோம். வெளியேதான் கழுவுவோம். டீச்சர் பானட்டைத் திறந்து எஞ்சினின் தலையிலேயே குடத்துத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். பழைய பொட்டு கரைந்து தண்ணீரோடு குழிக்குள் இறங்கியிருக்கிறது. மழையும் இல்லை, சாரலும் இல்லை. மகன் விட்டுப்போன சத்தத்தைக் கெடுத்தது அந்த அம்மாவின் கைதான்.

மறுநாள் டீச்சர் வரப்போகிறார். இவர் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். 'உங்க மகனுக்கும் நீங்கதான், காருக்கும் நீங்கதான்' என்பதைத் தவிர அதற்கு வேறு என்ன அர்த்தம் வரும்? "அண்ணாச்சி, உங்க கால்ல விழுதேன். அந்தம்மாகிட்ட இதைச் சொல்லாதிய" என்றேன். அவர் துணியில் இருந்த சந்தனத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

டீச்சர் பஸ்ஸில் வந்து இறங்கினார். மதினிக்காகத் துக்கம் விசாரித்தார். என்ன ஆனது, எப்படி ஆனது என்று எதுவும் கேட்கவில்லை. பிறகு அண்ணாச்சி காரை ஸ்டார்ட் செய்தார். நாலு சிலிண்டரும் ஒன்றாக ஓடின. அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். கண் நிறைந்துவிட்டது.

"இதுதான். இதேதான் சார்." பிறகு சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எதனாலதான் இப்படி ஆகுது? கொட்டகையும் போட்டாச்சு. பூஜைக்குக்கூட உள்ள வரைக்கும் திறந்து, குளுகுளுன்னு குளிப்பாட்டி, பொட்டு வச்சுத்தான் கும்பிட்டேன். நான் ஏதும் தப்பா செய்யுதேனா சார்?" என்று கேட்டார்.

நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அண்ணாச்சி வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு சொன்னார். "நீங்க ஒண்ணும் செய்யலம்மா. பழைய வண்டி. தானாப் போயிருக்கு."

"தானாவா?"

"ஆமா. சிலது தானாப் போறதும் உண்டு."

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. அவர் நிமிரவே இல்லை. காரின் கதவை அந்த அம்மாவுக்குத் திறந்துவிட்டபடி, "ஒண்ணு செய்ங்க. இனி ஆயுத பூசைக்கு வண்டியை இங்க கொண்டாந்துருங்க. ஷெட்டுல எப்படியும் பூசை போடுதேன்லா. இதையும் சேத்து நானே கழுவிப் பொட்டு வச்சுத் தாரேன்" என்றார். டீச்சர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். சரி என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பினார்.

அதன் பிறகு வந்த இரண்டு ஆயுத பூஜைக்கும் கார் எங்கள் தெருவுக்கு வந்தது. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். அண்ணாச்சி எஞ்சினின் மேல் பாலிதீன் தாளை விரித்து, சணல் போட்டுக் கட்டிவிட்டு, வெளியே மட்டும் குழாய்த் தண்ணீர் பிடித்துக் கழுவுவார். பிறகு பாலிதீனை எடுத்துவிட்டு, மூன்றாவது குழியில் இருந்து தள்ளி, ஒரு ஓரமாக ஒரு பொட்டு வைப்பார். பூசணிக்காய் உடைப்போம். டீச்சர் பொரியும் கடலையும் எல்லாருக்கும் கொடுப்பார். கார் ஒருநாளும் உதறவில்லை.

உதறியது அவர்தான். வேலை குறைந்தது. துட்டி வீடுகளுக்கு வருவதை நிறுத்திவிட்டார். வந்தாலும் வாசலிலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். ஒருவரிடமும் எதையும் கேட்பதில்லை. சண்டைக்காரராகவே இருந்திருக்கலாம் என்று எனக்கு இருந்தது. ஒருநாள் ஸ்பேனர் எடுக்க அவர் டிராயரைத் திறந்தேன். பிரஷர் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் அடுக்கி இருந்தன. மகள் மாதா மாதம் அனுப்புகிறவை. கேட்டேன், திட்டினேன், மகளிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன், சொல்லவும் செய்தேன். மகள் போனில் அழுதாள். அவர், "போடுதேன் தாயி" என்றார். என்னிடம், "ஓடுத வண்டிக்குத்தான்ல ஆயில் மாத்தணும்" என்றார். என் கண்ணெதிரே ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். நாளைக்கு யார் பார்க்கிறது?

இந்தப் பங்குனியில் ஒரு காலை, ஷெட் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். டீ கொண்டு போனவர் பார்த்துக் கூப்பிட்டார்.

துட்டிக்குக் கூட்டம் குறைவில்லை. சேத்தூர்க்காரர்கூட வந்து தெருமுனையில் நின்றுவிட்டுப் போனார். "உக்காந்த எடத்துல தானாப் போயிட்டாவ, கொடுத்து வச்சவிய" என்று ஆள் ஆளுக்குச் சொன்னார்கள். ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் உட்கார்ந்து, 'மாத்திரையை யார் எடுத்துக் கொடுத்தா?' என்று கேட்க ஆள் இல்லை. நான் கேட்கலாம். மகளின் முகத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

டீச்சர் சிவப்புக் காரில் வந்தார். மாலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார்.

"எப்படிப் போனார் சார்?"

"தானாத்தான்மா" என்றேன்.

அந்த அம்மா என்னையே பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். "எனக்கும் அவர் அப்படித்தான் சொன்னார். நான் சயின்ஸ் டீச்சர் சார். மொத வருஷம் பாலிதீன் போட்டுக் கட்டினார் பாருங்க, அப்பவே புரிஞ்சுபோச்சு, தண்ணி ஊத்தினது நான்தானேன்னு. கேட்டிருக்கலாம். கேக்கல. எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொன்னாங்க. ஒண்ணும் உள்ள இறங்கல. காரணம் சொல்லாம விடத் தெரியாத மனுஷன், எனக்காக ஒரு பொய் சொன்னாரே. அதை வச்சுத்தான் நான் கொஞ்சம் தூங்குதேன்."

நான் அவருக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டேன்.

"எனக்குச் சொன்னதை ஒரு தடவை அவர் தனக்கும் சொல்லிக்கிட்டிருக்கலாம்" என்றார்.

காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார். நான் அங்கேயே நின்று கேட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் திரும்பி மறைகிற வரை ஒரு உதறல் இல்லை.